எட்டுப் பக்கக் கையுறை

வாஷிப் பாலத்தில் ரயில் ஏறினால்
சிக்னல் அறுந்துவிடும்.
ஜிடிபி நகர் பிளாட்பாரத்திலேயே
அத்தியாயத்தை இறக்கிக்கொள்ள வேண்டும்.

நாற்பத்தொன்றாவது.
ஏதோ ஒரு ஜப்பானியத் துறைமுகம்,
படகில் விட்டுப்போன பொருள்களுக்கு ஒரு கவுண்டர்.
அங்கே வேலை பார்க்கிறவள்
நனைந்து வந்த ஒற்றைக் கையுறையை
ஹீட்டர்மேல் வைத்து உலர்த்துகிறாள்.
எட்டுப் பக்கம்.
ஒரு வசனம் கிடையாது.
ஏழாம் பக்கத்தில் திருப்பிப் போடுகிறாள்,
கல்லில் அடை வேகக் காத்திருந்தவள் போல.

இதை அனிமே ஆக்குவார்களா என்று
ருதுஜாவிடம் கேட்டேன். சிரித்தாள்.
சிரிக்காமல் என்ன செய்வாள்?
அந்தக் கணக்கைப் போட்டுத் தருவதே
ஐரோலியில் நான்காம் மாடியில்
ஏசி நேராக உச்சந்தலையில் இறங்கும்
எங்கள் இரண்டு மேசைகள்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
டோக்கியோவுக்கு அட்டவணை போகும்.
மெக்சிகோ எந்தச் சண்டையை
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தது,
பிரான்ஸ் எந்த நிமிடத்தில் எழுந்து போனது,
பிரேசிலுக்கு எந்த வில்லன்மேல் காதல்.
கடைசி வரிசை இந்தியா.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒல்லியாக இருந்தது.
போன ஜூனில் கட்டத்துக்குள் எண் கொள்ளாமல்
வெறும் வேலிக்குறிகளாய் நின்றது.
கோட்டைப் பிடித்து இழுத்து
நான்தான் அகலப்படுத்தினேன்.

பரிசீலனைக்கு இருபது மங்கா.
பதினொன்றில் வாள்.
லாரியில் அடிபட்டுச் செத்து
வேறு உலகில் ராஜாவாகிறவன் ஆறு பேர்.
கையுறைக்காரி இருபதிலும் இல்லை,
அறுபதிலும் இல்லை.
முடிவெடுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.
அவர்களுக்கும் என் முகம் தெரியாது.
நடுவில் ஒரு பச்சை அம்பு,
மேல்நோக்கி.

கெட்ட ஆட்கள் என்று சொல்லிவிட்டால்
தூக்கம் வரும்.
ஆனால் ஆண்டாப் ஹில்லில்
பத்துக்குப் பத்து அறையில்
என் தம்பி ஜெபசிங் இரவெல்லாம் பார்ப்பது
என் பெயரில் கட்டிய சந்தாவில்.
அவன் மூன்று தடவை ஓட்டுகிற சண்டை
என் கணக்கில் விழுகிறது.
பொய் எதற்கு?
பன்னிரண்டாம் எபிசோடில்
அந்தப் பாலம் இரண்டாகப் பிளந்தபோது
குழம்புக் கரண்டியோடு நானும் எழுந்து நின்றேன்.

கையுறைக்காரிக்கு நான் கொடுத்த காசு
பூஜ்யம்.
யாரோ ஊர் பேர் தெரியாதவர்
திருட்டுத்தனமாய் ஆங்கிலம் ஒட்டிப் போடும் பக்கங்கள்.
வாளுக்குச் சந்தா கட்டினேன்.
கையுறையைத் திருடினேன்.
பிடித்தது எது என்று
என்னை யாராவது கேட்டிருந்தால்
இரண்டாவதைச் சொல்லியிருப்பேன்.
கேட்கவில்லை. எண்ணினார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்
இந்தியா வரிசையின் கோடியில்
அவள் பெயரை அடித்து
எதிரே 1 என்று போட்டேன்.
ருதுஜா டப்பா கழுவித் திரும்புவதற்குள்
அழித்தும்விட்டேன்.

சம்பளம் வந்த அன்று
ஏழாம் தொகுதியை ஜப்பானிலிருந்து வரவழைத்தேன்.
புத்தகத்தைவிடக் கூலி அதிகம்.
ஓர் எழுத்து படிக்கத் தெரியாது.
அது அச்சுக் கணக்கில் சேரும்,
எங்கள் அட்டவணைக்கு வராது என்றும் தெரியும்.

ஜூலை மழையில் பார்சல் ஒரு மூலை ஊறி வந்தது.
ஜெபசிங்தான் பிரித்தான்,
பின்பக்கத்திலிருந்து, சரியாகத்தான்.
"எக்கா, இதுல சண்ட வருமா?"
வரும்டா, கடைசியில், ஒரு குடைக்காக.
"ம்" என்று தள்ளிக்கொண்டே போனான்,
ஹீட்டர், ஜன்னல், மறுபடி ஹீட்டர்.
ஏழாம் பக்கத்தில்
அவன் விரல் நின்றது.

தொழில் புத்தி, எண்ணினேன்.
ஆறு வினாடி.

எந்தக் கட்டத்தில் போட இதை?